அம்மாவுக்கு மாலை போட்ட கடை

1

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன் கணினியைத் திறந்தேன். புதுச்சேரியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றிலிருந்து செய்தி வந்திருந்தது. என் தாயாரின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு இன்னும் ஆறு நாட்களே இருக்கின்றன என்று நினைவூட்டியிருந்தார்கள். பழைய சந்தன மாலையைக் கொடுத்தால் புதியதைத் தள்ளுபடியில் தருவார்களாம். படத்துக்கு மேலே எரியும் சிறு விளக்கு பழுதாகியிருந்தால் வீட்டுக்கே வந்து மாற்றித் தருவார்களாம். கடைசியில், அன்றைக்குக் கடையின் வலைப்பக்கத்தில் அம்மாவின் படத்தை மறுபடியும் வெளியிட அனுமதி கேட்டிருந்தார்கள்.

அம்மாவோடு அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் பேசியிருந்தேன். ரெட்டியார்பாளையத்தில் தண்ணீர் கலங்கலாக வருகிறது, தம்பி மனைவி ரசத்தில் புளியைக் கண்ணில் காட்டுவதில்லை, பக்கத்து வீட்டில் மாடி எடுக்கிறார்கள், மணலை நம் வாசலில் கொட்டியிருக்கிறார்கள் என்று இருபது நிமிடம் சொன்னாள். அடுத்த மாதம் அவளுக்கு எழுபத்தொன்று முடிகிறது. சர்க்கரை உண்டு. வேறு ஒன்றும் இல்லை.

ஊரில் இருக்கும் உங்களில் சிலர் போன வருடம் அவளுக்கு இரங்கல் எழுதினீர்கள். அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது.

2

நான் கல்யாணமாகி இங்கே வந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. பாரீஸுக்கு வடக்கே, ரயிலில் இருபத்தைந்து நிமிடத் தொலைவில் ஒரு புறநகர். கணவரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் கணவருக்குப் பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடியுரிமை, எனக்கு அவரால் கிடைத்த குடியிருப்பு அட்டை. வேலை ஒரு பள்ளி அலுவலகத்தில். அன்றைக்கு வராத பிள்ளைகளின் பட்டியலை ஒன்பதரை மணிக்குள் எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி செய்து, ஏன் வரவில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இதுதான் வேலை. என் பிரெஞ்சு இன்னும் கரடுமுரடானது. தொலைபேசியில் நான் பேசத் தொடங்கியதும் சில தாய்மார்கள் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். சொல்லைத் தேடி நான் நிறுத்தும் இடைவெளி அப்படி இருக்கிறதாம்.

இதற்கு முன் புதுச்சேரியில் ஒரு மாலைப் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தேன். இரண்டு வருடம் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களைப் பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேசையில் ஒரு விதி இருந்தது. விளம்பரம் கொண்டுவருபவர் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, இரண்டாவது ஆள் வேண்டும். எங்கள் தலைமைத் துணையாசிரியர் இதற்குக் காரணம் சொல்வார். செத்தவரை உயிரோடு இருப்பதாகப் போட்டுவிட்டால் மறுநாள் திருத்தம் போடலாம். உயிரோடு இருப்பவரைச் செத்ததாகப் போட்டுவிட்டால், போடுகிற திருத்தத்தை ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

போன வருடம் அக்டோபரில் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தேன். அவளுக்கு வயதான பிறகு எடுத்த நல்ல படம் வீட்டில் இல்லை. என்னிடம் ஒன்று இருந்தது. அதற்கு முந்தைய வருடம் அவளை இங்கே அழைத்துவர விசாவுக்கு விண்ணப்பித்தபோது எடுத்த படம். வெள்ளைப் பின்னணி. காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது, கண் நேராகப் பார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டு முறை எடுத்தது சரியில்லை என்று திரும்பி வந்து, மூன்றாவது படம் விதிக்குச் சரியாக அமைந்தது. விசா கிடைக்கவில்லை. ஏதோ ஒரு காகிதம் குறைந்தது. படம் மட்டும் என் கணினியில் தங்கிவிட்டது.

பாரதி வீதிப் பக்கம் ஒரு படக்கடைக்காரர் மின்னஞ்சலில் ஆர்டர் எடுக்கிறார் என்று இங்கே ஒரு தோழி சொன்னாள். அவருக்கு நான் எழுதியது நான்கு வரி. அம்மாவின் படம் இணைத்திருக்கிறேன். கூடத்தில் மாட்டுவதற்கு, பெரிய அளவில், நல்ல சட்டம். நவம்பர் மூன்றாம் தேதிக்குள் ரெட்டியார்பாளையம் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு உறவினர்கள் வருவார்கள்.

பிறந்தநாள் என்று எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை. பத்திரிகையில் இருந்தவள் விட்ட ஒரே தகவல் அதுதான்.

3

சனிக்கிழமை மதியம் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் லீனாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வகுப்புத் தோழிகள் எல்லோரும் நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளும் அந்தத் தளத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்று அழுது, என் கணக்கைத் தானும் பார்க்கலாம் என்று அனுமதி வாங்கியிருந்தாள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது.

"அம்மா, பாட்டி படத்துக்கு லைட்டெல்லாம் போட்டிருக்காங்க. ரொம்ப அழகா இருக்கு. நான் ஒரு இதயம் போட்டேன்" என்றாள்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தேன்.

விசாப் படத்தின் வெள்ளைப் பின்னணி போய் மேகம் வந்திருந்தது. அம்மாவின் நரை கொஞ்சம் கறுப்பாக்கப்பட்டிருந்தது. சட்டத்தின் கண்ணாடி மேல் குங்குமம். இரண்டு பக்கமும் தொங்கும் சந்தன மாலை. மேலே ஒரு சிவப்பு விளக்கு. அதன் கீழே, சிரிக்கக் கூடாது என்ற விதிப்படி, அம்மா என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தின் அடியில் என் பெயர். "பிரான்ஸிலிருந்து மகளின் அன்புக் காணிக்கை. இதுபோல் உங்கள் அன்புக்குரியவர்களுக்கும் செய்து தரப்படும்." கடையின் தொலைபேசி எண்.

அதற்கும் கீழே முப்பத்தேழு பேர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தமிழ். ரீயூனியனிலிருந்து ஒன்றுவிட்ட சித்தி பிரெஞ்சில் நான்கு வரி எழுதியிருந்தாள். மூன்றாவது வீட்டு டீச்சரின் மகள், அம்மா கொடுத்த அதிரசத்தின் ருசியை நினைவுகூர்ந்திருந்தாள். நடுவே லீனாவின் இதயம், என் பெயரில்.

தவறு என்று உடனே தெரிந்துவிட்டது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும்.

4

அதற்கு ஐந்து வருடம் முன்பு என் அப்பா இறந்தார். அப்போது என் அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வராமல் ஊருக்குப் போனால் திரும்பி வருவதில் சிக்கல். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து தினமும் பேசுவேன். ஒரு வியாழக்கிழமை என் தம்பி செந்தில் தொலைபேசியை எடுத்து, "அப்பா தூங்குறாருக்கா" என்றான். வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னான். சனிக்கிழமை காலை சொல்லிவிட்டான். வியாழக்கிழமை நான் பேசும்போது அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நீ அங்க தனியா துடிச்சிட்டு ஒக்காந்திருப்ப, அதான் எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு பெரியவங்க சொன்னாங்க என்றான். வெளிநாட்டில் ஆள் இருக்கும் எங்கள் ஊர் வீடுகள் பலவற்றில் இது வழக்கம். கொடுமைக்காகச் செய்வதில்லை. அன்பினால்தான் செய்கிறார்கள்.

அதனால் அந்தச் சனிக்கிழமை, படத்தின் முன் நான் பழைய பத்திரிகை மேசைப் பழக்கத்தில் இறங்கினேன். யார் சொல்கிறார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும். முப்பத்தேழு பேரில் பெரும்பாலோர் வெறும் இரங்கல். தகவல் இல்லை. அதில் பயம் கொஞ்சம் இறங்கியது. முப்பத்தொன்றாவதாக, என்னோடு பள்ளியில் படித்த குமரன் எழுதியிருந்தான். அவன் இருப்பது லாஸ்பேட்டையில்.

"நான் போயிருந்தேன். சரியான மழை. ஊர்வலம் ரெட்டியார்பாளையம் சிக்னலில் பத்து நிமிடம் நின்றது. அம்மா முகம் தூங்குவதுபோல் இருந்தது."

மழை, சிக்னல், பத்து நிமிடம். இத்தனை வருடம் நான் செய்தியில் தேடியது இப்படிப்பட்ட விவரத்தைத்தான். விவரம் இருந்தால் ஆள் நேரில் இருந்திருக்கிறார் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

வீட்டு எண்ணுக்கு அடித்தேன். அங்கே மாலை ஆறரை. மணி போய்க்கொண்டே இருந்தது. செந்தில் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கைபேசியை வாசலில் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அணைத்திருந்தது. அவன் மனைவி பிள்ளைகளோடு கடலூரில் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அதற்கு முந்தைய ஞாயிறே சொல்லியிருந்தார்கள். எதற்குப் போனாள் என்று நான் கேட்டிருக்கவில்லை.

மறுபடி வீட்டு எண். மணி. மறுபடி. இடையிடையே பக்கத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்பது. நாற்பத்திரண்டு. புதிதாக வந்தவர்களில் ஒருவர் குமரனுக்குப் பதில் எழுதியிருந்தார். ஆமாம், நல்ல மழை, நானும் நனைந்தேன் என்று. இன்னொருவர், கூட்டம் அதிகம், உன்னைப் பார்க்க முடியவில்லை என்று. என் கண்முன்னே அந்த ஊர்வலத்தில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

லீனா என் பக்கத்தில் நின்று, பாட்டி ஏன் போன் எடுக்கலை என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் பிரெஞ்சிலேயே பதில் சொன்னேன். பள்ளி அலுவலகத்தில் பேசும் குரல் வந்தது. அவள் பயந்துவிட்டாள்.

இங்கே நான்கு மணிக்குச் செந்தில் கைபேசியை எடுத்தான். வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான்.

"அம்மா எங்கடா?"

"தூங்குறாங்கக்கா."

எழுப்பு என்றேன். மாத்திரை போட்டுட்டுப் படுத்திருக்காங்க, என்ன அவசரம் என்றான். எழுப்புடா என்றேன். அவன் நடந்து போவது கேட்டது. கதவு. ஏதோ முனகல். அது அவனுடையதா, அவளுடையதா என்று தெரியவில்லை.

"யாரு செத்தது?" என்றாள் அம்மா.

அந்த நேரத்தில் நான் கூப்பிட்டு அவளை எழுப்பச் சொன்னால் அவள் வேறென்ன கேட்பாள். யாருமில்லை என்றேன். பின்ன எதுக்கு எழுப்புன என்றாள். வீட்டு எண்ணுக்கு இருபது முறை அடித்தேனே என்றேன். மழையில் லைன் செத்து மூன்று நாளாகிறதாம். செத்த லைனுக்கு அடித்தாலும் இந்தப் பக்கம் மணி போவது கேட்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

5

திங்கட்கிழமை பள்ளியில் என் மேசையில் ஓர் உறை. உள்ளே கறுப்பு ஓரமிட்ட அட்டை. அலுவலகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையின் தாய் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கிறாள். எனக்கு ஒரு நாள் முன்பே அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது. என் தாய் இறக்கவில்லை என்று நான் சொன்னபோது, என் பிரெஞ்சு தவறிவிட்டது என்று நினைத்து, தலைமை எழுத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் விட்டாள். அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. இழுப்பறையில் கிடக்கிறது.

அன்று மதிய இடைவேளையில் கடைக்காரரைக் கூப்பிட்டேன். பெயர் ஜெயபால். சத்தமில்லாத, மரியாதையான குரல். விஷயத்தைச் சொன்னேன்.

"பிரான்ஸ்லேருந்து வர்ற ஆர்டர் எல்லாம் போனவங்க படம்தாம்மா. இருக்கறவங்க படத்த யாரு பெருசு பண்றா?" என்றார். "தேதி வேற போட்டிருந்தீங்க. சொந்தக்காரங்க வருவாங்கன்னு எழுதியிருந்தீங்க. படத்துலயும் அம்மா அப்படித்தான் இருந்தாங்க."

கருமாதிக்குள் வேண்டும் என்று அவசரப்பட்டு, மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துச் செய்திருக்கிறார்.

அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. அவருடைய வியாபாரத்தை எனக்கு விளக்கிச் சொன்னார். முன்பெல்லாம் பத்திரிகைக்குள் துண்டுச் சீட்டு வைத்து அனுப்புவார். பேருந்து நிலையத்தருகே பலகை வைத்துப் பார்த்தார். ஊரில் இருப்பவன் எப்படியும் கடைக்கு வந்துவிடுவான், வெளியே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? இந்தத் தளம் வந்த பிறகு, முடித்த படத்தை ஆர்டர் கொடுத்தவர் பெயரோடு போட்டுவிடுகிறார். போட்டால் அவருடைய நண்பர்கள், உறவினர்கள் அத்தனை பேருக்கும் போகிறது. அவர்கள் இரங்கல் எழுத வருகிறார்கள். எழுத வருபவர்களுக்கெல்லாம் வீட்டில் ஒரு படம் பாக்கி இருக்கிறது. அப்பா, மாமனார், சின்ன வயதில் போன அண்ணன். ஒருவர் படம் பத்துப் பேரை அழைத்துவருகிறது. நான் பக்கத்தை முழுதும் இறக்கிப் பார்த்தேன். வரிசையாக மாலை போட்ட முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஊரின் பெயர். அத்தனை பேரும் கடைக்காக வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அம்மாவின் படம் மற்ற எல்லாப் படங்களையும்விட நன்றாகப் போனது என்றார். சொல்லிவிட்டு, மன்னிச்சுக்குங்கம்மா என்றார்.

எடுத்துவிடுங்கள் என்றேன். தயங்கினார். அந்தப் படத்தின் கீழேயே ஏழெட்டுப் பேர் ஆர்டர் எழுதியிருக்கிறார்கள், எடுத்தால் அதெல்லாம் போய்விடும், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள முடியுமா என்றார். வேண்டுமானால் மாலையை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றார். சரி என்று சொன்னது நான்தான்.

அன்று மாலை பார்த்தபோது மாலை இல்லை. குங்குமம் இல்லை, விளக்கு இல்லை. மேகத்துக்கு நடுவே அம்மா மட்டும். கீழே ஐம்பத்தாறு பேரின் இரங்கல் அப்படியே. மாலையோடு இருந்தபோது அது ஒரு படமாக இருந்தது. இப்போது அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

குமரனுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. எல்லாரும் எழுதியிருந்தாங்க, பத்து நிமிஷ தூரத்துல இருந்துட்டு நான் போகலன்னு எப்படி எழுதுறது என்றான். ஐப்பசியில் மழை பெய்திருக்கும், சிக்னலில் எல்லா வண்டியும் நிற்கும். தெரிந்ததைத்தானே எழுதினேன் என்றான்.

6

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. தம்பி சொல்லிவிட்டான். மறுநாளே ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போயிருக்கிறாள். கூடப் போன செந்தில் சொன்னதை எழுதுகிறேன்.

கடைச் சுவர் முழுக்கப் படங்கள். அவளுடையது மேல் வரிசையில், மாலையோடும் எரியும் விளக்கோடும். வலைப்பக்கத்தில் எடுத்தாரே ஒழியச் சுவரில் எடுக்கவில்லை. ஜெயபால் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாராம். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அம்மா படத்தைப் பார்த்தாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று செந்தில் எதிர்பார்த்திருக்கிறான்.

"என்ன எழுதியிருக்காங்க? படி" என்றிருக்கிறாள்.

ஜெயபால் கணினியைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தார். பிரெஞ்சில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சில பெயர்களை மறுபடி படிக்கச் சொன்னாள். அதிரசம் வந்த இடத்தில், அது நான் செஞ்சது இல்ல, கடையில வாங்குனது என்றாளாம். குமரன் வந்தபோது, எந்த மழைடா, எனக்குத் தெரியாம என்றாளாம். முடிந்ததும், அழிக்காதே, இருக்கட்டும் என்று ஜெயபாலிடம் சொல்லிவிட்டாள். படத்தைக் கழற்றித் தரச் சொல்லி, மாலையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

எனக்குக் கோபம். அன்றைக்கே கூப்பிட்டு, ஏம்மா அழிக்க வேண்டாம்னு சொன்ன என்று கேட்டேன்.

"எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க. இனிமே நெஜமா ஆகும்போது ஒருத்தரும் வரமாட்டாங்க. இதையும் அழிச்சிட்டா எனக்குன்னு வந்தவங்க யாரு?"

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள்.

"அம்பத்தாறு பேரு எழுதியிருக்காங்க. உன் பேருல ஒண்ணும் இல்லையேடி."

லீனா போட்ட இதயத்தைப் பற்றி ஜெயபால் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அது பாப்பா போட்டது, நீ போடல என்றாள்.

திருத்தம் ஒன்று வந்தது. ஜெயபால் தன் மனத்துக்குச் சரியென்று பட்டதைச் செய்தார். கடைக்கு வந்த அன்று, அம்மா தன் படத்தின் பக்கத்தில் நிற்பதை எடுத்திருந்தார். அதை வலைப்பக்கத்தில் போட்டு, அம்மா நலமாக இருக்கிறார், தவறுக்கு வருந்துகிறோம் என்று எழுதினார். திருத்தத்தை ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்று தலைமைத் துணையாசிரியர் சொன்னது சரியாக இருந்தது. ஐந்து பேர் பார்த்து எழுதினார்கள். மூவர் ஆழ்ந்த இரங்கல். ஒருவர் சட்டத்தின் விலை கேட்டார். ஐந்தாவது ஆள், பக்கத்தில் நிற்பவர் யார், இறந்தவரின் தங்கையா, அதே ஜாடை என்று கேட்டிருந்தார். அதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லை.

7

ஆக, போன வாரச் செய்திக்கு வருகிறேன். ஜெயபாலிடம் ஒரு நோட்டு இருக்கிறதாம். படம் செய்த ஒவ்வொருவரின் தேதியையும் குறித்து வைத்து, வருடம் திரும்பும்போது செய்தி அனுப்புவார். அம்மாவைப் பற்றிய தவறை வலைப்பக்கத்தில் திருத்தியவர் நோட்டில் திருத்தவில்லை. என் கடிதத்தில் இறந்த தேதி எதுவும் இல்லாததால், கடிதம் வந்த தேதியைக் குறித்திருக்கிறார். அந்த நோட்டின்படி, பிறந்தநாள் பரிசுக்கு நான் எழுதி அனுப்பிய நாளில் அம்மா இறந்தாள்.

கூப்பிட்டுச் சொன்னேன். பதறிவிட்டார். இப்பவே அடிச்சிடறேம்மா என்றார். பேனா உரசுவது கேட்டது. போனை வைக்கப்போனவரை நிறுத்தினேன்.

அம்மாவுக்கு நிஜமாகவே ஏதாவது ஆனால் எனக்கு யார் சொல்வார்கள் என்பது ஒரு வருடமாக எனக்குள் இருந்த கேள்வி. செந்திலிடம் பலமுறை சத்தியம் வாங்கிவிட்டேன். எனக்கு உடனே சொல்லுவேன் என்கிறான். அப்பா காலத்திலும் கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பான். பெரியவர்கள் வருவார்கள், அவள் அங்கே தனியாகத் துடிப்பாள் என்பார்கள், அவன் சரி என்பான். ஆனால் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், ஒருவர் ஐஸ் பெட்டிக்கு ஓடுவார், ஒருவர் படத்தை எடுத்துக்கொண்டு படக்கடைக்கு ஓடுவார். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு முன்பாகக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

ரெட்டியார்பாளையம் வீட்டிலிருந்து யாராவது வந்து அம்மா படத்துக்கு மாலை கேட்டால், வலைப்பக்கத்தில் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுத முடியுமா என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். பிறகு, எழுதறேம்மா, நோட்டுலயே குறிச்சு வெச்சுக்கறேன் என்றார். அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே குறித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்தப் பேச்சு முடிந்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதன் விலை இன்று காலை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை. கணவர் கடைக்குப் போயிருந்தார். லீனா காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் இருந்தாள். கணினியைத் திறந்தால் கடையின் பெயரில் புதிய செய்தி. அவர் எல்லோருக்கும் அனுப்புகிறவர். தீபாவளி வாழ்த்தாக இருக்கலாம், புதிய சட்டங்களின் பட்டியலாக இருக்கலாம். இனி அவர் அனுப்பும் ஒவ்வொரு விளம்பரமும் திறக்கும்வரை அந்த ஒரு வரியாகவும் இருக்கும். நான்தான் அப்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். செந்தில் மூலம் அது அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

திறக்காமல் வீட்டு எண்ணுக்கு அடித்தேன். மணி போனது. லைன் உயிரோடு இருக்கிறதா என்று இந்தப் பக்கம் எப்படித் தெரியும். எட்டாவது மணியில் எடுத்தார்கள். பேச்சு இல்லை, மூச்சு மட்டும். கூடத்தைக் கடந்து நடந்து வந்த மூச்சு.

"என்னடி இந்த நேரத்துல. கடைக்காரன் எதுனா எழுதிட்டானா?" என்றாள் அம்மா.

ஏதோ வந்திருக்கும்மா, இன்னும் திறக்கல என்றேன்.

"தொறந்து என்னன்னு படி. நான் லைன்லயே இருக்கேன்."